தானியங்கித் துப்புரவு (தரவுத்தளம்)

தானியங்கித் துப்புரவு என்பது, தரவுத்தளத்தில் பயனற்றுப்போன பழைய தரவுகளை நீக்கி இடத்தை மீட்பதையும், வினவல்களுக்கு வேண்டிய புள்ளிவிவரங்களைப் புதுப்பிப்பதையும் தரவுத்தள மென்பொருளே தானாகச் செய்துகொள்ளும் முறை ஆகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் திறமூலத் தரவுத்தள மென்பொருளில் இது ஆட்டோவேக்கம் என அழைக்கப்படுகிறது. இதன் அளபுருக்கள் தரவின் அளவுக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப அமைக்கப்படாவிடில் வினவல்கள் படிப்படியாக மெதுவாகும். மிக மோசமான நிலையில் தரவுத்தளம் புதிய தரவுகளை ஏற்க மறுத்துவிடும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் உலகெங்கும் பரவலாகப் பயன்படும் மென்பொருளாகும். திருத்தணி முதல் டொராண்டோ வரை எல்லா ஊர்களின் நிலப்படத் தரவுகளையும் கொண்டுள்ள ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் திட்டத்தின் முதன்மைத் தரவுத்தளம் இதில்தான் இயங்குகிறது. சோகோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு வெளியிடும் பல மென்பொருள்களும் இதனுடன் சேர்த்தே வழங்கப்படுகின்றன.

துப்புரவின் தேவை

ஒரே நேரத்தில் பலர் ஒரு தரவுத்தளத்தைப் பயன்படுத்தும்போது, ஒருவர் மாற்றிக்கொண்டிருக்கும் தரவை மற்றொருவர் படிக்க வேண்டியிருக்கும். படிப்பவரைக் காத்திருக்கச் செய்யாமல் இருக்க, போஸ்ட்கிரெஸ்கியூஎல் பல்பதிப்பு முறையைக் கையாள்கிறது. இம்முறையில் ஒரு நிரையை மாற்றும்போது பழைய நிரை அழிக்கப்படுவதில்லை. மாற்றப்பட்ட புதிய பதிப்பு வேறோர் இடத்தில் எழுதப்படுகிறது. மாற்றத்துக்கு முன்பே படிக்கத் தொடங்கியவர் பழைய பதிப்பையும், பின்னர் வந்தவர் புதிய பதிப்பையும் காண்பர். நிரையை நீக்கும்போதும் அது நீக்கப்பட்டது என்ற குறி மட்டுமே இடப்படுகிறது.

பழைய பதிப்பு எந்தப் பயனருக்கும் தேவைப்படாத நிலையை அடைந்தபின் அது இறந்த நிரை எனப்படும். இறந்த நிரைகளும் வட்டில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும். அட்டவணையை முழுவதும் படிக்கும் வினவல் அவற்றையும் கடந்தே செல்ல வேண்டும். இண்டெக்ஸ் என்னும் சுட்டுப்பட்டியலிலும் அவற்றுக்கான பதிவுகள் தங்கிவிடும். இவ்வாறு அட்டவணை அளவுக்கு மீறிப் பெருப்பது வீக்கம் எனப்படும்.

இறந்த நிரைகளைக் கண்டறிந்து, அவற்றின் இடத்தைப் புதிய நிரைகள் பயன்படுத்திக்கொள்ள விடுவிக்கும் கட்டளை வேக்கம் ஆகும். இது பொதுவாகக் கோப்பின் அளவைக் குறைப்பதில்லை. கோப்பின் இறுதியில் உள்ள பக்கங்கள் முற்றிலும் காலியாக இருந்தால் மட்டுமே அவை இயக்குதளத்திடம் திருப்பி அளிக்கப்படுகின்றன. கோப்பு முழுவதையும் சுருக்கி எழுதுவதற்கு வேக்கம் ஃபுல் என்னும் தனிக் கட்டளை உள்ளது. அது முடியும்வரை அட்டவணையை யாரும் படிக்கவும் இயலாது என்பதால் இயங்கிக்கொண்டிருக்கும் தளங்களில் மிகக் கவனமாகவே பயன்படுத்தப்படுகிறது.

வரலாறு

போஸ்ட்கிரெஸ் திட்டம் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கியது. பழைய தரவின் மேல் எழுதாமல் அதை வரலாறாகப் பாதுகாப்பது அதன் வடிவமைப்புக் கொள்கைகளுள் ஒன்றாக இருந்தது. 1996-இல் இம்மென்பொருள் போஸ்ட்கிரெஸ்கியூஎல் எனப் பெயர் பெற்றது. இன்றைய பல்பதிப்பு முறை 1999-இல் வெளிவந்த 6.5 பதிப்பில் அறிமுகமானது.

தொடக்கத்தில் வேக்கம் கட்டளை இயங்கும்போது அட்டவணை முழுவதும் பூட்டப்பட்டது. எனவே நிர்வாகிகள் நள்ளிரவில் அதை இயக்கினர். 2002-இல் வெளிவந்த 7.2 பதிப்பு முதல் பிற பணிகளைத் தடுக்காமல் துப்புரவு செய்ய முடிந்தது. 2003-இல் 7.4 பதிப்புடன் ஆட்டோவேக்கம் தனி இணைப்பு நிரலாக வந்தது. 2005-இல் 8.1 பதிப்பில் அது மென்பொருளின் பகுதியானது. எனினும் இயல்பிருப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. 2008-இன் 8.3 பதிப்பு முதல் இயல்பாகவே இயங்கத் தொடங்கியதோடு, ஒரே நேரத்தில் பல துப்புரவுச் செயல்முறைகள் இயங்கவும் வழி ஏற்பட்டது.

பிற்காலப் பதிப்புகளில் பல மேம்பாடுகள் செய்யப்பட்டன. 2019-இன் 12-ஆம் பதிப்பில் துப்புரவின் இயல்பான வேகம் பத்து மடங்காக உயர்த்தப்பட்டது. 2020-இன் 13-ஆம் பதிப்பு முதல், நிரைகள் சேர்க்கப்பட மட்டுமே செய்யும் அட்டவணைகளும் துப்புரவுக்கு உள்ளாகின்றன. 2024-இன் 17-ஆம் பதிப்பில் துப்புரவுக்குத் தேவைப்படும் நினைவகம் பெருமளவு குறைக்கப்பட்டது. 2025-இன் 18-ஆம் பதிப்பில், மிகப்பெரிய அட்டவணைகளுக்கும் இறந்த நிரைகளின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. அதன் இயல்பிருப்பு மதிப்பு 10 கோடி ஆகும்.

செயற்படும் முறை

ஆட்டோவேக்கத்தின் தொடக்கி என்னும் செயல்முறை, இயல்பிருப்பில் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு துப்புரவுச் செயல்முறையை அனுப்புகிறது. ஒரே நேரத்தில் மூன்று துப்புரவுச் செயல்முறைகள்வரை இயங்கலாம். அவை ஒவ்வோர் அட்டவணையிலும் இறந்த நிரைகளின் எண்ணிக்கையைப் பின்வரும் எல்லையுடன் ஒப்பிடுகின்றன.

துப்புரவு எல்லை = அடிப்படை எண் + (விகிதம் × அட்டவணையின் மொத்த நிரைகள்)

இயல்பிருப்பில் அடிப்படை எண் 50, விகிதம் 0.2 ஆகும். அதாவது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நிரைகள் இறந்த பிறகே துப்புரவு தொடங்கும். புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் பணிக்கும் இதே வாய்பாடு பொருந்தும். அதற்கான விகிதம் 0.1 ஆகும். சேர்த்தல், மாற்றுதல், நீக்குதல் ஆகிய மூன்றும் அதில் கணக்கிடப்படுகின்றன.

விகிதத்தின் அடிப்படையில் எல்லை அமைவதால் அட்டவணை வளர வளரத் துப்புரவு தள்ளிப்போகிறது. ஊர் பெரிதாகப் பெரிதாகக் குப்பை அள்ளும் நாள் தள்ளிப்போவதற்கு இது ஒப்பாகும். சிற்றூருக்குப் பொருந்தும் கணக்கு பெருநகருக்குப் பொருந்தாது. ஆட்டோவேக்கத்தைச் சீரமைக்க வேண்டியதன் முதற்காரணம் இதுவே.

எடுத்துக்காட்டு: திருவிழா நாள் முன்பதிவு

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகும். ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகக் கருதப்படும் 365 படிகள் மலைக்கோயிலுக்கு உள்ளன. டிசம்பர் 31-இல் படித்திருவிழாவும், ஆடி மாதத்தில் ஆடிக் கிருத்திகையும் நடைபெறுகின்றன. ஆடிக் கிருத்திகையன்று தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் பக்தர்கள் காவடியுடன் திரள்வர். ஆண்டின் பெரும்பகுதி அமைதியாகவும் சில நாட்கள் பெருங்கூட்டமாகவும் அமையும் இத்தகைய ஊர், தரவுத்தளத்தின் மீது ஏற்படும் சுமையை விளக்க ஏற்றதாகும்.

இவ்வூருக்கு வருவோருக்காக ஒரு முன்பதிவுத் தளம் இருப்பதாகக் கொள்வோம். கீழ்வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை. நடைமுறையில் உள்ள எந்த மென்பொருளையும் அவை குறிப்பன அல்ல. இத்தளத்தில் இரு அட்டவணைகள் உள்ளன.

முதலாவது, முன்பதிவு அட்டவணை. இதில் பல ஆண்டுகளின் 2 கோடி நிரைகள் உள்ளன. சாதாரண நாளில் 20,000 புதிய நிரைகள் சேர்கின்றன. பணம் செலுத்தியதும் அவை ஒவ்வொன்றும் ஒருமுறை மாற்றப்படுகின்றன. எனவே நாளொன்றுக்கு 20,000 இறந்த நிரைகள் உருவாகின்றன. இயல்பிருப்பு மதிப்புகளின்படி துப்புரவு எல்லை 40,00,050 ஆகும். இதை எட்ட ஏறத்தாழ 200 நாட்கள் ஆகும். புள்ளிவிவரங்களுக்கான எல்லை 20,00,050 ஆகும். நாளொன்றுக்கு 40,000 மாற்றங்கள் என்ற கணக்கில் அவை 50 நாட்களுக்கு ஒருமுறையே புதுப்பிக்கப்படும்.

இரண்டாவது, நேரப்பிரிவு அட்டவணை. எந்த மணிக்கு எத்தனை இடங்கள் எஞ்சியுள்ளன என்பதைக் காட்டும் 300 நிரைகள் மட்டுமே இதில் உள்ளன. திருவிழா நாளில் நிமிடத்துக்கு 2,000 முறை இவை மாற்றப்படுகின்றன.

வினவல்கள் மெதுவாவதன் காரணங்கள்

1. பழைய புள்ளிவிவரங்கள்

ஒரு வினவலை எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதைத் தீர்மானிக்கும் பகுதி திட்டமிடுவி எனப்படும். எத்தனை நிரைகள் கிடைக்கும் என்பதை அது புள்ளிவிவரங்களைக் கொண்டு மதிப்பிடுகிறது. புள்ளிவிவரங்கள் 40 நாட்களுக்கு முன் எடுக்கப்பட்டவை எனில், அவற்றில் திருவிழா நாளின் 2 லட்சம் பதிவுகள் இரா. இன்றைய பதிவுகள் மிகச் சிலவே என்று திட்டமிடுவி கருதும். சில நிரைகளுக்குப் பொருத்தமான வழியை லட்சக்கணக்கான நிரைகளுக்குத் தேர்ந்தெடுக்கும். கூட்டம் மிகுந்த நாளிலேயே வினவல் மெதுவாவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் கட்டளை தரும் விடையில், மதிப்பிட்ட நிரைகளுக்கும் உண்மையில் கிடைத்த நிரைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால் இக்காரணத்தை ஐயுறலாம்.

2. தீண்டப்படாத பக்கங்கள்

எல்லா நிரைகளும் அனைவருக்கும் புலப்படும் என்று உறுதியான பக்கங்களைத் துப்புரவின்போது ஒரு வரைபடத்தில் குறித்துவைப்பர். இக்குறி இருந்தால் சில வினவல்களுக்கு இண்டெக்சை மட்டும் படித்தே விடையளிக்க முடியும். 2012-இல் வந்த 9.2 பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது. துப்புரவு தாமதமானால் புதிய பக்கங்களுக்கு இக்குறி கிடைப்பதில்லை. எனவே அட்டவணையையும் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியதாகிறது.

3. நீண்டநேரம் திறந்திருக்கும் பரிமாற்றம்

இயங்கிக்கொண்டிருக்கும் மிகப் பழைய பரிமாற்றத்துக்குத் தேவைப்படக்கூடிய எந்த நிரையையும் வேக்கம் நீக்காது. திருவிழா நாளன்று காலையில் ஒருவர் அறிக்கை ஒன்றைத் தொடங்கி, பரிமாற்றத்தை முடிக்காமல் ஆறு மணி நேரம் விட்டுவிட்டதாகக் கொள்வோம். நேரப்பிரிவு அட்டவணையில் அதற்குள் 7,20,000 பழைய பதிப்புகள் சேர்ந்துவிடும். ஒரு பக்கத்தின் அளவு 8 கிலோபைட்டு. ஒரு பக்கத்தில் 60 நிரைகள் அடங்கும் எனில், 5 பக்கங்களில் இருந்த அட்டவணை 12,000 பக்கங்களாக, அதாவது ஏறத்தாழ 94 மெகாபைட்டாக வீங்கும். 300 வரிகளைக் காட்ட வேண்டிய திரை, ஒவ்வொரு முறையும் 12,000 பக்கங்களைப் புரட்ட நேரும். இதற்கிடையில் ஆட்டோவேக்கம் நிமிடத்துக்கு ஒருமுறை வந்து, எதையும் நீக்க முடியாமல் திரும்பிச் செல்லும்.

இந்நிலையில் ஆட்டோவேக்கத்தின் எந்த அளபுருவை மாற்றினாலும் பயன் இராது. அந்தப் பரிமாற்றத்தை முடிப்பதே தீர்வாகும். அதன் பின்னரும் வீங்கிய கோப்பு தானாகச் சுருங்கும் என்பதற்கு உறுதியில்லை. 300 நிரைகளே உள்ளதால் இவ்வட்டவணைக்கு வேக்கம் ஃபுல் கட்டளையைக் கூட்டம் குறைந்த வேளையில் சில நொடிகளில் இயக்கிவிடலாம்.

சீரமைக்கும் முறை

சீரமைப்பைப் பின்வரும் வரிசையில் செய்வது பொருத்தமானது.

அளந்தறிதல்: பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் என்னும் காட்சியில் ஒவ்வோர் அட்டவணையின் உயிருள்ள நிரைகள், இறந்த நிரைகள், இறுதியாகத் துப்புரவு நடந்த நேரம் ஆகியவை கிடைக்கும். லாக்_ஆட்டோவேக்கம்_மின்_டியூரேஷன் அளபுருவை 0 என அமைத்தால் ஒவ்வொரு துப்புரவும் பதிவேட்டில் எழுதப்படும். எத்தனை நிரைகள் நீக்கப்பட்டன, எத்தனை இறந்தும் நீக்க இயலாதவை என்பன அப்பதிவில் இருக்கும்.

தடைகளை நீக்குதல்: பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி காட்சியில் நீண்டநேரம் திறந்துள்ள பரிமாற்றங்களைக் காணலாம். வேலை எதுவும் செய்யாமல் திறந்துகிடக்கும் பரிமாற்றங்களைக் குறித்த நேரத்துக்குப் பின் தானாகத் துண்டிக்கும் வசதி 2016-இன் 9.6 பதிப்பு முதல் உள்ளது. பயன்பாட்டில் இல்லாத நகலாக்கப் பொருத்துவாய்களும், முடிக்கப்படாமல் விடப்பட்ட இருகட்டப் பரிமாற்றங்களும் இதே தடையை உண்டாக்கும்.

அட்டவணைவாரியாக எல்லை அமைத்தல்: வழங்கி முழுமைக்கும் ஒரே மதிப்பை மாற்றுவதைவிடப் பெரிய அட்டவணைகளுக்குத் தனித்தனியே மதிப்பு அமைப்பது நல்லது. மேற்கண்ட முன்பதிவு அட்டவணைக்கு விகிதத்தை 0.01 எனவும் அடிப்படை எண்ணை 1,000 எனவும் அமைத்தால் எல்லை 2,01,000 ஆகும். 200 நாட்களுக்கு ஒருமுறை நடந்த துப்புரவு 10 நாட்களுக்கு ஒருமுறை நடக்கும். புள்ளிவிவரங்களுக்கான விகிதத்தை 0.005 என அமைத்தால் சாதாரண நாட்களில் இரண்டரை நாட்களுக்கு ஒருமுறையும், திருவிழா நாளில் அன்றைய பொழுதிலேயே பலமுறையும் அவை புதுப்பிக்கப்படும். திருவிழாவுக்கு முந்தைய இரவில் அனலைஸ் கட்டளையைக் கையால் இயக்குவதும் வழக்கமான முன்னேற்பாடாகும்.

பக்கங்களில் இடம் விடுதல்: மாற்றப்படும் புலத்துக்கு இண்டெக்ஸ் இல்லாமலும், அதே பக்கத்தில் இடம் இருந்தும் அமைந்தால், புதிய பதிப்பு இண்டெக்சைத் தொடாமல் அப்பக்கத்திலேயே எழுதப்படும். அடுத்து அப்பக்கத்தைத் தொடும் வினவலே பழைய பதிப்பை நீக்கிவிடும். 2008-இன் 8.3 பதிப்பில் வந்த இவ்வசதி ஹாட் எனப்படுகிறது. நேரப்பிரிவு அட்டவணை போன்றவற்றுக்கு ஃபில்ஃபேக்டர் மதிப்பை 100-இலிருந்து 50 அளவுக்குக் குறைத்து இடம் விடுவது பயனளிக்கும். எஞ்சிய இடங்களைக் குறிக்கும் புலத்துக்கு இண்டெக்ஸ் அமைத்தால் இப்பயன் கிடைக்காது.

வேகத்தை உயர்த்துதல்: பிற பணிகளைப் பாதிக்காமல் இருக்கத் துப்புரவு இடையிடையே ஓய்வெடுக்கிறது. படிக்கும், மாற்றும் ஒவ்வொரு பக்கத்துக்கும் புள்ளிகள் கணக்கிடப்பட்டு, 200 புள்ளிகள் சேர்ந்ததும் 2 மில்லிநொடி நிறுத்தப்படுகிறது. ஒரு பக்கத்தை மாற்றுவதற்கு 20 புள்ளிகள். எனவே நொடிக்கு அதிகபட்சம் ஏறத்தாழ 5,000 பக்கங்கள், அதாவது 40 மெகாபைட்டு மாற்றப்படலாம். 12-ஆம் பதிப்புக்கு முன் ஓய்வு 20 மில்லிநொடியாக இருந்ததால் இவ்வேகம் 4 மெகாபைட்டாகவே இருந்தது. 4 லட்சம் பக்கங்கள் கொண்ட அட்டவணை முழுவதையும் மாற்ற அன்று 13 நிமிடங்களுக்கு மேலும், இன்று 80 நொடிகளும் குறைந்தபட்சம் தேவைப்படும். விரைவான திடநிலை வட்டுகள் உள்ள வழங்கிகளில் 200 என்ற வரம்பை மேலும் உயர்த்தலாம்.

செயல்முறைகளின் எண்ணிக்கை: இது பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் அளபுருவாகும். மேற்கூறிய புள்ளி வரம்பு எல்லாத் துப்புரவுச் செயல்முறைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. எனவே வரம்பை உயர்த்தாமல் செயல்முறைகளை மட்டும் 3-இலிருந்து 6 ஆக்கினால், ஒவ்வொன்றும் பாதி வேகத்தில் இயங்கும். மொத்த வேகம் கூடாது.

ஆட்டோவேக்கத்தை அணைத்துவிடுதல்

துப்புரவு நடக்கும்போது வட்டின் சுமை கூடுவதைக் காணும் நிர்வாகிகள் சிலர் அதனை அணைத்துவிடுகின்றனர். வினவல்கள் உடனடியாக விரைவடைவது போலத் தோன்றும். ஆனால் இறந்த நிரைகள் சேர்ந்துகொண்டே போகும். அதைவிடக் கடுமையான மற்றொரு விளைவும் உண்டு.

ஒவ்வொரு எழுத்துப் பரிமாற்றத்துக்கும் ஓர் எண் வழங்கப்படுகிறது. இது 32 இருமக்கூறுகளைக் கொண்டதால் ஏறத்தாழ 429 கோடி எண்களே உள்ளன. அவை தீர்ந்ததும் மீண்டும் தொடக்கத்திலிருந்து வழங்கப்படும். ஓர் எண்ணுக்கு முந்தையவையாக ஏறத்தாழ 214 கோடி எண்களே கருதப்படும். அதைவிடப் பழைய நிரைகள் எதிர்காலத்தவை போலத் தோன்றி மறைந்துவிடும் அபாயம் உண்டு. இதைத் தடுக்க, பழைய நிரைகள் எல்லாப் பரிமாற்றங்களுக்கும் முந்தையவை எனத் துப்புரவின்போது குறிக்கப்படுகின்றன. இது உறையவைத்தல் எனப்படும்.

உறையவைக்காத நிரையின் வயது 20 கோடி பரிமாற்றங்களைத் தாண்டினால், ஆட்டோவேக்கம் அணைக்கப்பட்டிருந்தாலும் துப்புரவு கட்டாயமாகத் தொடங்கும். சாதாரணத் துப்புரவு பிற பணிகளுக்கு வழிவிட்டு விலகிவிடும். கட்டாயத் துப்புரவு அவ்வாறு விலகுவதில்லை. 160 கோடியைத் தாண்டினால், 2021-இன் 14-ஆம் பதிப்பு முதல், ஓய்வின்றியும் இண்டெக்சுகளை விடுத்தும் விரைந்து இயங்கும். அதுவும் பயனளிக்காமல் 30 லட்சம் எண்களே எஞ்சும் நிலையில், தரவுத்தளம் புதிய எண் வழங்க மறுக்கும். அதன்பின் தரவுகளைப் படிக்கலாம், எழுத இயலாது.

2015 சூலையில் பிழை கண்காணிப்புச் சேவையான சென்ட்ரி இந்நிலையை அடைந்து பல மணி நேரம் முடங்கியது. 2019 பெப்ரவரியில் மின்னஞ்சல் அனுப்பும் சேவையான மேண்ட்ரில் இதே காரணத்தால் ஒரு நாளுக்கும் மேலாகப் பாதிக்கப்பட்டது. நொடிக்கு 1,000 எழுத்துப் பரிமாற்றங்கள் நடக்கும் தளத்தில் 20 கோடி என்ற எல்லை இரண்டரை நாட்களுக்குள்ளும், 214 கோடி என்ற எல்லை 25 நாட்களிலும் எட்டப்படும். மேற்கண்ட முன்பதிவுத் தளம் போன்ற சிறிய தளங்களுக்கு இவ்வெல்லை பல ஆண்டுகள் தொலைவில் உள்ளது. அவற்றைப் பாதிப்பவை வீக்கமும் பழைய புள்ளிவிவரங்களுமே.

பிற தரவுத்தளங்களில்

ஆரக்கிள் தரவுத்தளமும், மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி பொறியும் நிரையை அதே இடத்தில் மாற்றி, பழைய பதிப்பைத் தனிப் பகுதியில் வைக்கின்றன. இன்னோடிபியில் அப்பகுதியைப் பர்ஜ் என்னும் பின்னணிப் பணி துப்புரவு செய்கிறது. அங்கும் நீண்டநேரம் திறந்திருக்கும் பரிமாற்றம் துப்புரவைத் தடுக்கும். மைக்ரோசாப்டின் எஸ்கியூஎல் சர்வரில் புள்ளிவிவரங்கள் தானாகப் புதுப்பிக்கப்படும் வசதி உள்ளது. அதிலும் நீண்டகாலம் ஐந்தில் ஒரு பங்கு மாற்றம் என்ற விகிதமே எல்லையாக இருந்தது. 2016 பதிப்பு முதல் பெரிய அட்டவணைகளுக்கு அவ்விகிதம் தானாகவே குறைகிறது. பல்பதிப்பு முறையைக் கையாளும் எல்லாத் தரவுத்தளங்களிலும் துப்புரவு ஏதேனும் ஒரு வடிவில் நடந்தே ஆக வேண்டும் என்பது குறிப்பிடத்தக்கது.